வேகம் குறைத்தால் வெளிச்சமும் குறையலாமா? மோட்டார் சைக்கிள் தயாரிப்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

மோட்டார் சைக்கிள் தயாரிக்கும் நிறுவனங்களின் பொறியாளர்களுக்கும், வாரண்டி விதிகளை எழுதுபவர்களுக்கும்,

வணக்கம். போன மாதம் என் வண்டியின் சார்ஜிங் காயில், அதாவது எஞ்சின் ஓடும்போது மின்சாரம் உண்டாக்கும் கம்பிச்சுருள், எரிந்துபோனது. சர்வீஸ் சென்டருக்குத் தள்ளிக்கொண்டு போனேன். அங்கிருந்தவர் ஹெட்லைட்டைக் கழற்றிப் பார்த்தார். "வேறு பல்பு போட்டிருக்கிறீர்கள், வயரிங்கிலும் கை வைத்திருக்கிறீர்கள், வாரண்டி கிடையாது" என்றார். விதிப்படி அவர் சொன்னது சரி. பல்பை மாற்றினேன், வயரை வெட்டினேன், எதையும் மறைக்கவில்லை. ஆனால் ஏன் மாற்றினீர்கள் என்று அவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதைத்தான் உங்களிடம் சொல்ல வந்திருக்கிறேன்.

என் வண்டியில் நீங்கள் வைத்துக் கொடுத்தது எச்எஸ்1 என்ற வகை ஆலசன் பல்பு. கிட்டத்துச் சாலையைக் காட்டும் லோ பீம் 35 வாட், தூரத்தைக் காட்டும் ஹை பீம் 35 வாட். அதற்கு மின்சாரம் பேட்டரியிலிருந்து வருவதில்லை. எஞ்சின் சுற்றும்போது காயிலில் பிறக்கும் ஏசி மின்சாரம் நேராக விளக்குக்குப் போகிறது. அதனால் ஆக்சிலேட்டரைத் திருகினால் வெளிச்சம் ஏறும், விட்டால் இறங்கும். இது உங்களுக்குத் தெரியாததல்ல, நீங்கள் வரைந்த வயரிங்தான். இரவில் அந்த வண்டி மேல் உட்கார்ந்திருப்பவனுக்கு என்ன நடக்கிறது என்பதை மட்டும் சொல்கிறேன்.

இரவில் நான் எப்போது வேகத்தைக் குறைக்கிறேன்? வளைவு வரும்போது, பள்ளம் இருக்குமோ என்று சந்தேகம் வரும்போது, குறுக்கே ஏதோ அசைவது போலத் தெரியும்போது. அதாவது முன்னால் என்ன இருக்கிறது என்று பார்த்தே ஆகவேண்டிய நேரங்களில். சரியாக அந்த நேரத்தில் விளக்கு மஞ்சளாகிச் சுருங்கிவிடுகிறது. ஆலசன் பல்புக்குப் போகும் வோல்டேஜ் 10 சதவீதம் குறைந்தாலே வெளிச்சம் ஏறக்குறைய 30 சதவீதம் குறைந்துவிடும். ஆக்சிலேட்டரை முழுதாக விட்ட ஐடிலிங்கில் எவ்வளவு மிஞ்சும் என்று கணக்குப் போட வேண்டியதில்லை, வண்டிக்கு முன்னால் நின்று பார்த்தாலே போதும்.

இதற்கு நாங்களே ஒரு வழி கண்டுபிடித்து வைத்திருக்கிறோம். கிளட்சைப் பிடித்துக்கொண்டு ஆக்சிலேட்டரை முறுக்கி, அந்த ஓரிரு நொடி வெளிச்சத்தில் வளைவைப் பார்ப்பது. ஆனால் முன் பிரேக்கும் அதே வலது கையில்தானே இருக்கிறது? முறுக்கும் கையால் பிரேக்கை ஒழுங்காக அழுத்த முடியாது. மழையில், பின்னால் என் மகள் உட்கார்ந்திருக்க, பின் பிரேக்கை மட்டும் நம்பிக்கொண்டு, வெளிச்சத்துக்காக எஞ்சினை அலறவிட்டபடி எத்தனையோ வளைவுகளைக் கடந்திருக்கிறேன். பார்ப்பதா, பிரேக் பிடிப்பதா என்று ஓட்டுபவனைத் தேர்ந்தெடுக்கச் சொல்லும் விளக்கு இரவுக்குப் போதாத விளக்கு. போதுமான விளக்கைத் தாருங்கள் என்பதுதான் என் கோரிக்கை.

அது கிடைக்காததால் நானே இறங்கினேன். முதலில் "வெள்ளை" என்று சொல்லி விற்கும் நீலப் பூச்சு ஆலசன் பல்பு. அதே 35 வாட்தான். இழையின் வெளிச்சத்தில் ஒரு பகுதியை நீலப் பூச்சு தடுத்துவிட, மிச்சம்தான் சாலைக்கு வருகிறது. பார்க்கப் பளிச்சென்று இருந்தது, பள்ளம் தெரியவில்லை. அப்புறம் மஞ்சளைப் பற்றி விசாரித்தேன். பிரான்சில் 1936 முதல் 1993 வரை வாகனங்களுக்கு மஞ்சள் முகப்பு விளக்கையே சட்டமாக வைத்திருந்தார்கள். மஞ்சள் கண்ணுக்கு இதம் என்பது என் அனுபவமும்கூட. ஆனால் ஆலசன் பல்பில் அதுவும் வடிகட்டிய வெளிச்சம்தான். இருப்பதே குறைவாக இருக்கும்போது எந்த நிறத்தில் வடிகட்டி என்ன ஆகப்போகிறது?

அடுத்து எல்இடி பல்பு. போட்ட முதல் இரவு ஊரையே விலைக்கு வாங்கிய மாதிரி இருந்தது. மூன்றாம் நாள் எதிரே சைக்கிளில் வந்த ஒரு பெரியவர் கையால் கண்ணை மறைத்துக்கொண்டு, தடுமாறி, சாலையை விட்டு இறங்கி நின்றுவிட்டார். நான் ஹை பீமில் இல்லை, லோ பீமில்தான் போய்க்கொண்டிருந்தேன். வண்டியை நிறுத்தி மன்னிப்புக் கேட்டேன். "கண்ணே தெரியலப்பா" என்றார், அவ்வளவுதான். அன்றைக்கே வீட்டுக்குப் போய் அந்தப் பல்பைக் கழற்றிவிட்டேன்.

காரணம் அப்புறம்தான் புரிந்தது. எச்எஸ்1 பல்புக்குள் லோ பீம் இழைக்குக் கீழே ஒரு சிறிய உலோகத் தகடு இருக்கிறது. பல்பின் வெளிச்சத்தை முன்னால் திருப்பிவிடும் பளபளப்பான கிண்ணம்தான் ரிஃப்ளெக்டர். அதன் கீழ்ப் பாதிக்கு வெளிச்சம் போகாமல் தடுத்து, எதிரே வருபவரின் கண்ணைக் காப்பாற்றுவது அந்தத் தகடுதான். இழை இருக்கும் இடத்தை மில்லிமீட்டர் அளவில் நம்பி அந்த ரிஃப்ளெக்டரை வளைத்திருக்கிறீர்கள். எல்இடியின் சில்லுகள் தட்டையாக இரண்டு பக்கமும் ஒட்டியிருக்கின்றன. இழை இருந்த இடத்தில் அவை துல்லியமாக உட்காராவிட்டால் வெளிச்சம் சிதறும். இழையே இல்லாமல் வாயுவில் எரியும் எச்ஐடி பல்பு மாட்டினாலும் இதே கதைதான்.

கடைசியாக ஒரு மெக்கானிக் எச்4 என்ற அதிக வாட் பல்பின் காதுகளை ராவி உள்ளே பொருத்தி, ஹெட்லைட்டைப் பேட்டரிக்கு மாற்றிக் கொடுத்தார். அது ஹை பீமில் 60, லோ பீமில் 55 வாட். வேகம் குறைத்தாலும் வெளிச்சம் நின்றது, உண்மையிலேயே நிம்மதியாக இருந்தது. ஆனால் 35 வாட்டுக்குப் போட்ட ஹோல்டர் சூட்டில் பழுத்தது, பேட்டரி அடிக்கடி இறங்கியது, காயில் எரிந்தது. வந்து நின்ற இடம் உங்கள் சர்வீஸ் சென்டர்.

இதில் என் தவறு இருக்கிறது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் இந்த வழியில் ஓரிடத்திலாவது "இதைப் போடாதே, இதைப் போடு" என்று உங்களிடமிருந்து ஒரு வரி வந்திருந்தால் நான் இவ்வளவு தூரம் போயிருக்க மாட்டேன். கையேட்டில் இருப்பது பல்பின் வாட் எண் மட்டுமே. ஹெட்லைட்டை மேலே கீழே சரிசெய்யும் திருகு எங்கே இருக்கிறது, பின்னால் ஆள் ஏறினால் வெளிச்சம் எவ்வளவு தூக்கும், அதை எப்படி இறக்குவது என்று ஒரு படம்கூட இல்லை. விளம்பரத் தாளில் டேங்க் நிறத்துக்கும் ஸ்டிக்கருக்கும் எவ்வளவு இடம் ஒதுக்குகிறீர்கள்! லோ பீமில் எத்தனை மீட்டர் தெரியும் என்று ஒரு வண்டிக்காவது எழுதியிருக்கிறீர்களா? புது மாடல்களில் எல்இடி விளக்கு வருகிறது, வரவேற்கிறேன். ஆனால் பலவற்றில் எல்இடி போய்விட்டால் பல்பு மாற்ற வழியில்லை, மொத்த விளக்கையுமே மாற்ற வேண்டியிருக்கிறது. அந்தச் சுமையும் எங்கள் தலையில்தான்.

கோபத்தில் பேச்சு எங்கோ போய்விட்டது, மன்னிக்கவும். நான் கேட்பது செய்ய முடியாத காரியமல்ல. ஜெர்மனியில் 2020-இல் ஆஸ்ராம் நிறுவனத்தின் எல்இடி மாற்று பல்புக்குச் சாலை அனுமதி கிடைத்தது. எல்லா வண்டிக்கும் என்று பொதுவாகக் கொடுக்கவில்லை. சோதித்துப் பார்த்த மாடல்களுக்கு மட்டும், பட்டியல் போட்டுக் கொடுத்தார்கள். எந்த ரிஃப்ளெக்டரில் எந்தப் பல்பின் வெளிச்சம் ஒழுங்காக விழும் என்று ஒரு பல்பு நிறுவனமே அளந்து காட்டும்போது, அந்த ரிஃப்ளெக்டர் வரும் வண்டியைச் செய்த உங்களால் முடியாதா?

ஆகவே தயவுசெய்து, இனி வரும் வண்டிகளில் எஞ்சின் வேகத்தோடு ஏறி இறங்காத, இரவுக்குப் போதுமான விளக்கை வைத்துக் கொடுங்கள். ஏற்கெனவே சாலையில் ஓடும் வண்டிகளுக்கு எந்தப் பல்பு பொருந்தும், வயரிங் எத்தனை வாட் தாங்கும் என்று மாடல் வாரியாகப் பட்டியல் வெளியிடுங்கள். அந்தப் பட்டியலில் உள்ளதைப் போட்டவருக்கு வாரண்டியை மறுக்காதீர்கள். எரிந்த காயிலுக்கு நான் பணம் கட்டிவிட்டேன், அதைத் திருப்பிக் கேட்கவில்லை. என் வண்டியில் இப்போது பழையபடி உங்கள் 35 வாட் பல்புதான் இருக்கிறது. மழைக்காலத்துக்கு முன் அந்தப் பட்டியலாவது கிடைத்தால் நன்றாக இருக்கும்.

இப்படிக்கு,
இரவில் வண்டி ஓட்டியே ஆகவேண்டிய உங்கள் வாடிக்கையாளர்களில் ஒருவன்