ஏஐக்கும் ஒரு பேரேடு வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். “சிங்கப்பூரில் ஏஐக்கென்று (செயற்கை நுண்ணறிவுக்கென்று) தனிச் சட்டமே இல்லையே, பிறகென்ன கவலை?” என்று சிறு நிறுவன உரிமையாளர்கள் பலர் கேட்கிறார்கள். தனிச் சட்டம் இல்லை என்பது சரிதான். 2019ல் வெளிவந்து 2020ல் திருத்தப்பட்ட ஏஐ நிர்வாக மாதிரிக் கட்டமைப்பும், எழுத்தையும் படத்தையும் தானே உருவாக்கும் ஆக்கமுறை ஏஐக்காக 2024 மே மாதம் வந்த கட்டமைப்பும் வெறும் பரிந்துரைகள். அவற்றை மீறினால் அபராதம் கிடையாது. ஆனால் ஏஐயில் போட்டது வாடிக்கையாளரின் பெயரும் தொலைபேசி எண்ணும் என்றால், தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் வந்து நிற்கும். அதில் அபராதம் 1 மில்லியன் வெள்ளி வரை போகலாம். உள்ளூர் ஆண்டு விற்றுமுதல் 10 மில்லியன் வெள்ளியைத் தாண்டிய நிறுவனத்துக்கு அதில் 10 விழுக்காடு வரை.

முதல் வேலை ஒரு பேரேடு. எக்செல் தாள் ஒன்று போதும். எந்த மென்பொருள், யார் பயன்படுத்துகிறார், என்ன தகவல் உள்ளே போகிறது, என்ன முடிவு வெளியே வருகிறது, அதை யார் சரிபார்க்கிறார், தகவல் எந்த நாட்டில் எத்தனை நாள் தங்குகிறது: இந்த ஆறு பத்திகள் (நெடுவரிசைகள்). “ஏஐ பயன்படுத்துகிறீர்களா?” என்று மேலாளரிடம் கேட்டால் “இல்லை” என்றுதான் பதில் வரும். அவர் பொய் சொல்லவில்லை, அவருக்கே தெரியாது. கணக்கு மென்பொருளின் புதுப் பதிப்பில் அது தானாக வந்து உட்கார்ந்திருக்கும். கடன் அட்டைப் பட்டியலில் மாதாமாதம் போகும் சிறு சந்தாக்களைப் பாருங்கள். ஒவ்வொரு மேசையிலும் எந்தெந்த இணையப் பக்கங்கள் திறந்திருக்கின்றன என்று பாருங்கள். பேரேடு அப்போதுதான் நிரம்பும்.

நிரம்பியதும் பெரும்பாலும் முதலில் கண்ணில் படுவது இலவசக் கணக்குகள். வேலை முகவையில் ஒருவர் கடப்பிதழ் நகலை அப்படியே ஏற்றி “விவரத்தைப் பட்டியலிடு” என்று கேட்டிருப்பார். பல இலவசக் கணக்குகளில், அமைப்பை மாற்றாவிட்டால், உள்ளே போட்டது மாடலை, அதாவது ஏஐயின் மூளையை, பயிற்றுவிக்கப் போய்விடும். பயிற்றுவிக்க மாட்டோம் என்று உறுதி தரும் நிறுவனக் கட்டணக் கணக்குக்கு மாறுவது ஒரு வழி. பெயருக்குப் பதில் ‘பணியாளர் 1’ என்று எழுதிக் கொடுப்பது செலவில்லாத வழி. தகவல் கசிந்து 500 பேர் அல்லது அதற்கு மேல் பாதிக்கப்பட்டால், அது தெரிவிக்கவேண்டிய கசிவு என்று மதிப்பிட்டதிலிருந்து 3 நாள்களுக்குள் தனிநபர் தகவல் பாதுகாப்பு ஆணையத்துக்குச் சொல்லியாக வேண்டும். யாருடைய தகவலை எங்கே போட்டோம் என்ற பதிவே இல்லாதவர் 3 நாளில் என்ன சொல்வார்?

அடுத்தது விற்பனையாளருடன் செய்யும் ஒப்பந்தம். வேலையை வெளியாருக்குக் கொடுத்தாலும் சட்டப்படி பொறுப்பு நிறுவனத்துக்குத்தான். நம் தகவலைக்கொண்டு மாடலைப் பயிற்றுவிக்கக் கூடாது, ஒப்பந்தம் முடிந்தால் காப்பு நகல் உட்பட எத்தனை நாளில் அழிப்பார், கசிவு தெரிந்தால் 24 மணி நேரத்தில் சொல்வார், மாடலை மாற்றினால் முன்கூட்டியே அறிவிப்பார் என்ற நான்கையும் எழுத்தில் வாங்குங்கள். பலரும் விட்டுவிடுவது நான்காவதை. விற்பனையாளர் சத்தமில்லாமல் மாடலை மாற்றிவிட்டால், போன மாதம் செய்த சோதனை இந்த மாதம் செல்லாது.

சோதனை என்றதும் பலர் பின்வாங்குகிறார்கள். வேலைக்கு விண்ணப்பிப்போரைத் தரம் பிரிக்கும் மென்பொருளை எடுத்துக்கொள்வோம். பழைய விண்ணப்பங்கள் 20 எடுங்கள். ஒவ்வொன்றையும் எதையும் மாற்றாமல் 5 முறை ஓடவிடுங்கள். ஒரே விண்ணப்பம் ஒருமுறை 72, இன்னொருமுறை 76 என்று வரக்கூடும். அந்த ஏற்ற இறக்கத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு பெயரை மட்டும் மாற்றி மறுபடியும் 5 முறை. மதிப்பெண் வித்தியாசம் முன்பு குறித்த ஏற்ற இறக்கத்தை மிஞ்சினால்தான் சந்தேகப்பட வேண்டும். இந்த முதல் படியைத் தாவிவிட்டு “பாரபட்சம்” என்று கூச்சல் போடுவோரும் உண்டு, “பாரபட்சமே இல்லை” என்று சான்றிதழ் கொடுப்போரும் உண்டு.

நம் பெயர்களுக்கு இது வெறும் ஏட்டுப் பேச்சு அல்ல. முதற்பெயர், குடும்பப் பெயர் என்று இரண்டு கட்டங்கள் மட்டும் உள்ள படிவத்தில் எஸ்/ஓ (இன்னாரின் மகன்), டி/ஓ (இன்னாரின் மகள்) என்று வரும் பெயர்கள் உடைந்துபோகும். அப்பா பெயர் குடும்பப் பெயராகிவிடும்; அதே ஆளின் இரண்டு ஆவணங்கள் இரண்டு ஆளாகத் தெரியும். பணம் அனுப்பும் கடைகளில் பெயர் ஒப்பிடும் மென்பொருளுக்கு முத்துக்குமார் சேர்ந்திருந்தால் ஒருவர், பிரிந்திருந்தால் வேறொருவர். பெயரை நீக்கிவிட்டால் தீர்ந்தது என்றும் எண்ண வேண்டாம். தேசிய சேவை என்ற வரி ஆண் என்று சொல்லிவிடும்; ஓ நிலைத் தேர்வு எழுதிய ஆண்டு வயதைச் சொல்லிவிடும்; கோயில் தொண்டூழியம் சமயத்தைச் சொல்லிவிடும். 2025 ஜனவரியில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய வேலையிட நியாயத்தன்மைச் சட்டம் வயது, பாலினம், இனம், சமயம், மொழி அனைத்தையும் பாரபட்சம் காட்டக் கூடாதவையாகக் குறிப்பிடுகிறது. 25 பேருக்குக் குறைவான நிறுவனங்களுக்கு இப்போதைக்கு விலக்கு உண்டு.

“கடைசி முடிவை மனிதர்தான் எடுக்கிறார்” என்று பல நிறுவனங்கள் எழுதிவைக்கின்றன. ஒரு மாதத்தில் எத்தனை முறை அவர் ஏஐயின் முடிவை மாற்றினார் என்று கேளுங்கள். ஒருமுறைகூட இல்லையென்றால் அவர் பார்க்கவில்லை, பொத்தானை அழுத்துகிறார்.

வாடிக்கையாளருக்குப் பதில் சொல்லும் சாட்பாட் பற்றி ஒரு வார்த்தை. உறவினர் இறந்தால் கிடைக்கும் சலுகைப் பயணக் கட்டணம் பற்றி ஏர் கனடா விமான நிறுவனத்தின் சாட்பாட் தவறாகச் சொன்னதற்கு, கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா தீர்ப்பாயம் 2024 பிப்ரவரியில் அந்த நிறுவனத்தையே பொறுப்பாக்கியது. சாட்பாட் தன் சொல்லுக்குத் தானே பொறுப்பு என்ற வாதம் எடுபடவில்லை. விலை, திருப்பித் தரும் விதி, உத்தரவாதம் மூன்றையும் சாட்பாட்டின் வாயிலிருந்து எடுத்துவிட்டு, நிலையான பக்கத்துக்கு அனுப்பிவிடுவது நல்லது.

ஐரோப்பாவுக்கு விற்போர் மட்டும் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். அங்குள்ள ஏஐ சட்டம் 2024 ஆகஸ்ட் 1ல் நடப்புக்கு வந்தது. ஏஐ தரும் முடிவு அங்கே பயன்பட்டால், நிறுவனம் இங்கே இருந்தாலும் அது பொருந்தும். வேலையிடத்தில் ஊழியரின் முகத்தைப் பார்த்து உணர்ச்சியைக் கணிக்கும் மென்பொருளுக்கு, மருத்துவ, பாதுகாப்புக் காரணங்கள் தவிர, 2025 பிப்ரவரி 2 முதல் அங்கே தடை.

தகவல் தொடர்பு ஊடக மேம்பாட்டு ஆணையமும் வர்த்தகத் தொழிற்சபைகளும் மேலே சொன்ன ஆறு பத்திப் பேரேட்டை ஒரு பக்க மாதிரியாக நான்கு மொழிகளிலும் வெளியிட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம். வெற்றுப் படிவமாக வேண்டாம். ஒரு மளிகைக் கடை, ஒரு வேலை முகவை, ஒரு துணைப்பாட நிலையம் என்று மூன்று வரிகள் நிரப்பப்பட்டு இருக்கட்டும்.

இப்படிக்கு,
சிறு நிறுவனங்களுக்கான தகவல் பாதுகாப்புப் பணியில் இருப்போர்,
சிங்கப்பூர்