வாசகர் வட்டத்தின் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும் பொதுக்குழுவிற்கு வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

கோத்தகிரியில் மாதந்தோறும் இரண்டாம் ஞாயிறன்று கூடும் நமது வட்டம், கதை எழுதுபவர் சிறுவயதில் எதை வாசித்தார், அது அவருடைய எழுத்தில் எங்கே தெரிகிறது என்ற ஒரே கேள்வியை இவ்வாண்டு முழுவதும் எடுத்துக்கொண்டது. மழையில் மலைப்பாதையில் மண் சரிந்ததால் நவம்பர் கூட்டம் நடைபெறவில்லை, மற்றவை நடந்தன.

முதல் கூட்டங்களை நாவலாசிரியர் ராஜம் கிருஷ்ணனுக்கு ஒதுக்கினோம். 15 வயதில் மணமாகி, பள்ளிப் படிப்பைத் தொடர வாய்ப்பின்றி, வீட்டிலிருந்தபடியே வாசித்துத் தேறியவர் அவர். மின்பொறியாளரான கணவரின் பணியையொட்டி நீலகிரியில் வாழ்ந்தபோது அங்குள்ள படகர் இன மக்களின் வாழ்வைக் கண்டறிந்து அவர் எழுதிய ‘குறிஞ்சித்தேன்’ 1963இல் வெளிவந்தது. வாசிப்பே அவரை எழுத்தாளராக்கியது என்று நான் முன்வைத்த கருத்தை, ஹட்டி எனப்படும் படகர் ஊரிலிருந்து வரும் நமது மூத்த உறுப்பினர் ஏற்கவில்லை. கதையைக் கட்டும் விதத்தை வாசிப்பு கற்றுக்கொடுத்திருக்கலாம். எங்கள் தெய்வமான ஹெத்தையின் கோயிலில் சிறுவனைப் பூசாரியாக அமர்த்தும் முறையை அறிய, எங்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து கேட்டால்தான் உண்டு என்றார். பின்னாளில் உப்பளத் தொழிலாளரைப் பற்றி எழுதத் தூத்துக்குடிக்கே சென்றவர் ராஜம் கிருஷ்ணன் என்பதால், என் கருத்தைப் பாதியளவு திருத்திக்கொண்டேன்.

ஜூலைக் கூட்டத்தைப் பற்றிச் சற்று விரிவாகவே எழுத வேண்டியிருக்கிறது. சிறுகதை எழுதும் உறுப்பினர் ஒருவர், தம் தாயார் வாரப் பத்திரிகையிலிருந்து கிழித்துச் சேர்த்த தொடர்கதையின் பைண்டு ஒன்றை, அந்துருண்டை வாசனையோடு கொண்டுவந்தார். கோணி ஊசியில் சணல் கோத்துத் தைத்தது. ஓரமெல்லாம் பனியின் ஈரம் ஊறிய கறை. பல பக்கங்களின் பின்புறம் கூந்தல் தைல விளம்பரத்தின் பாதி. அதில் 19ஆம் அத்தியாயம் இல்லை. அந்த வார இதழை இரவல் வாங்கிப்போனவர் திருப்பித் தரவில்லையாம் (நமது நூலகப் பதிவேட்டிலும் இத்தகையோர் உண்டு). 18இல் கிணற்றடியில் அழுதுகொண்டிருந்த கதாநாயகி 20இல் ரயிலில் சிரித்துக்கொண்டு போவது எப்படி என்று, எஸ்டேட் லைன் வீட்டில் கம்பளிக்குள் படுத்தபடி, 9 வயதில் அவர் தாமாகவே இரவுக்கு ஒன்றாக இட்டுக்கட்டியிருக்கிறார். பிறகு தமது கதைகள் மூன்றை வாசித்தார். மூன்றிலும் நடுவில் நடந்தாக வேண்டிய ஒன்று சொல்லப்படாமலே கதை தாண்டிச் செல்வதை, எழுதியவரைத் தவிர அனைவரும் கவனித்தோம். அதைச் சொன்னபோது, பைண்டை 18க்கும் 20க்கும் இடையில் பிரித்து வைத்துக்கொண்டு சற்று நேரம் பேசாமலிருந்தார்.

விடுபட்ட அத்தியாயத்தைத் தேடித் தருவதாக நூலகப் பொறுப்பாளர் கொண்டுவந்த தீர்மானம், அவ்வுறுப்பினர் வேண்டாமென்று மறுத்ததால் கைவிடப்பட்டது.

வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் வாசிப்பார்.

இங்ஙனம்,
செயலாளர்