என் தங்கை மகனுக்குத் துணைநின்றவர்களுக்கு

அன்புடையீர், வணக்கம்.

முதல் நன்றி எங்கள் கிராம சுகாதார செவிலியருக்கு. ஒன்றரை மாதத் தடுப்பூசிக்காகத் தங்கை மகனைத் தூக்கிச் சென்றிருந்தாள். துணியை விலக்கியதும் பையன் சிறுநீர் கழித்தான். ஆண் குழந்தை என்றால் எதிரில் நிற்பவர் நனைய வேண்டும். இவனுக்கோ முக்கி முக்கிச் சொட்டுச் சொட்டாக வந்தது. 'உடம்புச் சூடு' என்று வீட்டுப் பெரியவர்கள் விளக்கெண்ணெய் தடவிக்கொண்டிருந்த விஷயம் அது. செவிலியர் ஊசியைக் கீழே வைத்துவிட்டு அடிவயிற்றைத் தொட்டுப் பார்த்தார். சிறுநீர் கழித்த பிறகும் எலுமிச்சம்பழம் போல ஏதோ உருண்டையாகத் தட்டுப்பட்டது. "ஊசி அப்புறம் போடலாம், இப்போதே கிளம்புங்கள்" என்றார்.

தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் எடுத்த ஸ்கேனில் இரண்டு சிறுநீரகங்களும் வீங்கியிருந்தன. அங்கிருந்து சேலத்துக்கு 108 வண்டி. தொப்பூர்க் கணவாயில் லாரிகளுக்கு நடுவே குழந்தை குலுங்காமல் இறக்கிக்கொண்டுபோன ஓட்டுநர் தம்பி, நீ நன்றாக இருக்க வேண்டும்.

சேலம் அரசு மருத்துவமனையின் குழந்தைகள் அறுவைச் சிகிச்சை மருத்துவர் ஒரு தாளில் படம் வரைந்து காட்டினார். சிறுநீர் வெளியேறும் குழாயான சிறுநீர்த் தாரையின் பின்பகுதியில் பிறவியிலேயே ஒரு சவ்வு வழியை மறிக்கிறது. ஆண் குழந்தைகளுக்கு மட்டுமே வருவது. வெளியேற முடியாத சிறுநீர், சிறுநீர்ப்பையைத் தடிக்கவைத்து, சிறுநீரகம் வரை அழுத்துகிறது. பால் ஊட்டப் பயன்படும் மெல்லிய குழாயையே உள்ளே செலுத்திச் சிறுநீரை வடித்தார்கள். அதன் வழியே சாயமருந்து ஏற்றி, அவன் சிறுநீர் கழிக்கும்போதே எக்ஸ்ரே எடுத்து அடைப்பை உறுதிசெய்தார்கள்.

உடனே ஆபரேஷன் செய்யவில்லையே என்று உறவினர்கள் என்னைத்தான் பிடுங்கினார்கள். தாய்மாமன் என்றால் இதற்கும் சேர்த்துத்தான். கிருமித்தொற்று அடங்கி, ரத்தத்தில் கிரியாட்டினின் (சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவு) இறங்கட்டும் என்று மருத்துவர் அசையாமல் இருந்தார். பிறகு சிறுநீர்ப்பாதை வழியாகவே நுண்ணிய கருவியைச் செலுத்திச் சவ்வை வெட்டிவிட்டார்கள். வயிற்றில் ஒரு கீறல்கூட இல்லை.

முதலமைச்சர் காப்பீட்டுத் திட்ட மேசையில், எந்தச் சான்று எங்கே கிடைக்கும் என்று சலிக்காமல் சொன்ன அம்மாவுக்கும், இரவில் தங்கைக்குக் கஞ்சி கொடுத்த பக்கத்துப் படுக்கைக்காரர்களுக்கும் நன்றி.

சிறுநீரகம் எவ்வளவு தாங்கும் என்பது வளர வளரத்தான் தெரியுமாம். ரத்த அழுத்தம், கிரியாட்டினின், ஸ்கேன் என்று பல ஆண்டுகள் பார்த்துவர வேண்டும், பார்ப்போம்.

மருத்துவர் அனுமதித்ததும் தீர்த்தமலையில் என் மடியில் வைத்து அவனுக்குக் காது குத்துகிறோம். செவிலியர் அம்மா அவசியம் வர வேண்டும்; பையன் இப்போது நன்றாகவே பீச்சியடிக்கிறான், சற்றுத் தள்ளியே நில்லுங்கள்.

இப்படிக்கு,
தாய்மாமன், அரூர் வட்டம்