ஜனவரிப் பூவும் தேனீயின் பசியும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் பிரித்தானியச் செய்திப் பக்கத்தில் சென்ற வாரம், மகோனியா என்னும் புதர்ச்செடியின் மஞ்சள் பூங்கொத்தில் தேனீ ஒன்று அமர்ந்திருக்கும் படத்தை வெளியிட்டு, ‘ஜனவரியிலும் தேன் விருந்து’ என்று தலைப்பிட்டிருந்தீர்கள். படம் அருமை. தலைப்பைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. லண்டனின் வடமேற்குப் புறநகரில் வீட்டுத் தோட்டத்தில் தேனீ வளர்த்து வருபவள் என்ற முறையில், இதமான குளிர்காலம் தேனீக் கூட்டத்துக்கு எவ்வாறு கேடாக முடிகிறது என்பதை வாசகர்களுக்கு விளக்க விரும்புகிறேன்.

இந்நாட்டுத் தேனீப் பெட்டிகளில் வளர்பவை ஐரோப்பியத் தேனீக்கள். வெளியே வெப்பநிலை ஏறத்தாழ 14 டிகிரிக்குக் கீழே இறங்கியதும், கூட்டம் முழுவதும் ராணியை நடுவில் வைத்துப் பந்துபோல் நெருங்கிக்கொண்டு, பறக்கும் தசைகளை அதிர வைத்து வெப்பம் உண்டாக்கி, கோடையிலும் இலையுதிர்காலத்திலும் சேர்த்த தேனைச் சிறுகச் சிறுக உண்டு மார்ச் வரை காலம் தள்ளும். இதற்கு ஒரு கூட்டத்துக்கு 18 முதல் 20 கிலோ வரை தேன் இருப்பு வேண்டும் என்பது இங்குள்ள வளர்ப்பாளர்களின் கணக்கு. இலையுதிர்காலத்தில் பிறக்கும் பணித் தேனீக்களும் இந்தக் காத்திருப்புக்கென்றே உடலில் கொழுப்பையும் புரதத்தையும் சேர்த்துக்கொண்டு வருபவை. கோடையில் பிறந்த தேனீ ஆறு வாரங்களில் மடிந்துவிட, இவை ஆறு மாதங்கள் வரை உயிர் வாழும். அதிகம் பறக்காமலும், முட்டையிலிருந்து வரும் புழுக்களுக்கு ஊட்டாமலும் இருந்தால்தான் அந்த ஆயுள் அவற்றுக்கு வாய்க்கும்.

இந்த ஒழுங்கைத்தான் இதமான குளிர்காலம் குலைக்கிறது. 1659 முதல் தொடர்ந்து பேணப்பட்டுவரும் மத்திய இங்கிலாந்து வெப்பநிலைப் பதிவில் 2015 டிசம்பரே மிக வெப்பமான டிசம்பர், சராசரி 9.7 டிகிரி. மார்ச்சுக்குரிய டாஃபோடில் மலர் அவ்வாண்டு கிறிஸ்துமஸுக்கு முன்பே பூங்காக்களில் பூத்து நின்றது. 2022 புத்தாண்டு நாளன்று லண்டன் செயின்ட் ஜேம்ஸ் பூங்காவில் 16.3 டிகிரி பதிவானது. பத்து டிகிரியைத் தாண்டி வெயிலும் அடித்தால் தேனீ வெளியே கிளம்பிவிடும். மகோனியா இயல்பாகவே குளிர்காலத்தில் பூப்பதுதான், அதன்மீது குற்றமில்லை. ஆனால் பருவம் தப்பிப் பூக்கும் செடிகள் பல சிதறலாக அங்கொன்றும் இங்கொன்றுமாக நிற்பவை. குளிர்ந்த ஈரக் காற்றில் அவற்றின் பூந்தேன் நீர்த்துப் போயிருக்கும். பகல் பொழுதும் ஏறத்தாழ எட்டு மணி நேரந்தான். பறப்பதற்குச் செலவிட்ட தேனை ஈடுகட்டும் அளவுக்குக்கூடப் பல நாட்களில் வரவு இருப்பதில்லை.

இதைவிடப் பெரிய சிக்கல் மகரந்தம். வெளியே மிதமான வெப்பம் நிலவி, மகரந்தமும் வரத் தொடங்கினால், ராணி முட்டையிடுவதை நிறுத்துவதில்லை. நிறுத்தியிருந்தாலும் மீண்டும் தொடங்கிவிடும். புழுக்கள் இருக்கும் அடையை 34, 35 டிகிரியில் வைத்திருக்க வேண்டும் என்பதால் தேன் செலவு பன்மடங்காகிறது. நெடுநாள் வாழ வேண்டிய தேனீக்கள் புழுக்களுக்கு ஊட்டியே தேய்ந்துபோகின்றன. 1992இல் இங்கிலாந்தில் முதன்முதலாகக் கண்டறியப்பட்ட, தேனீயின் ஒட்டுண்ணியான வர்ரோவா உண்ணிக்கும் இது நற்காலம். அந்த உண்ணி, மூடப்பட்ட புழு அறைகளுக்குள் மட்டுமே இனப்பெருக்கம் செய்வது. நடுக்குளிரில் புழுவே இல்லாத சில வாரங்கள் அதற்கு இயற்கை விதித்த தடை. வளர்ப்பாளர்கள் உண்ணியைக் கொல்ல ஆக்ஸாலிக் அமிலம் இடுவதும் அந்த இடைவெளியில்தான், ஏனெனில் அமிலம் மெழுகு மூடிக்குள் புகாது. இடைவெளியே இல்லாத ஆண்டில் மருந்தும் பாதிப் பயனே தருகிறது.

பிறகு குளிர் திரும்புகிறது. இங்கு பிப்ரவரியில் இளவெயிலும் மார்ச்சில் பனியும் வருவது புதிதன்று. அப்போது தேனீக்கள் புழுக்களைக் கைவிட்டு நகராமல் அவற்றைச் சுற்றியே இறுகிக்கொள்வதால், இரண்டு அடைச்சட்டங்கள் தள்ளித் தேன் இருந்தும் அதை எட்ட முடியாமல் கூட்டமே பட்டினியால் மடிவதுண்டு. பெட்டியைத் திறந்தால், காலி அறைகளுக்குள் தலையைப் புதைத்தபடி இறந்து கிடக்கும். குளிர்கால இழப்பு அனைத்துக்கும் வெப்பத்தையே காரணமாக்குவது சரியாகாது என்பதையும் சொல்லிவிடுகிறேன்: பிரித்தானியத் தேனீ வளர்ப்போர் சங்கத்தின் கணக்கெடுப்பில் இங்கிலாந்துக் கூட்டங்களில் மூன்றில் ஒரு பங்கு அழிந்தது 2012-13 குளிர்காலத்தில். அதற்கு முந்தைய கோடை முழுவதும் மழை. அடுத்த வசந்தமோ தாமதமாக, கடுங்குளிரோடு வந்தது. எவ்வழியில் வந்தாலும் உணவு கிடைக்காமல் போவதே பல கூட்டங்களைக் கொல்கிறது. இதமான குளிர்காலம் அதைக் கண்ணுக்குத் தெரியாமல் செய்துவிடுவதால்தான் வாசலில் தேனீக்கள் பறப்பதைக் கண்டு நாம் ஏமாறுகிறோம்.

ஆகவே பெட்டி வைத்திருக்கும் தமிழ் அன்பர்களுக்கு என் வேண்டுகோள்: வாசலைப் பார்த்து முடிவு செய்யாமல், இரு வாரத்துக்கு ஒருமுறை பெட்டியின் ஒரு புறத்தைச் சற்றே தூக்கி எடை பாருங்கள். இலகுவாகத் தோன்றினால் சர்க்கரைப் பாகு ஊற்றாதீர்கள். குளிரில் அதன் நீரை வற்றவைக்கத் தேனீக்களால் இயலாது. ஃபாண்டன்ட் எனப்படும் கெட்டிச் சர்க்கரைப் பசையை, தேனீக்கள் திரண்டிருக்கும் இடத்துக்கு நேர்மேலே வையுங்கள்.

தேனீ வளர்க்காதவர்கள் இரக்கப்பட்டுக் கடைத் தேனைத் தட்டில் ஊற்றித் தோட்டத்தில் வைப்பதைச் சில நம்மவர் வீடுகளிலும் கண்டிருக்கிறேன். தயவுசெய்து வேண்டாம். தேனீப் புழுக்களைக் கொல்லும் அமெரிக்கப் புழு அழுகல் நோயின் வித்துகள் தேனில் பல ஆண்டுகள் உயிர்த்திருக்கக் கூடியவை. மனிதருக்கு அவற்றால் தீங்கில்லை என்றாலும், அந்த நோய் கண்ட கூட்டத்தை எரித்தழிப்பதே இந்நாட்டு நடைமுறை. மேலும், ஜனவரியில் நாம் காணும் பருத்த, மயிரடர்ந்த பூச்சி பெரும்பாலும் தேனீயே அன்று. அது பம்பிள் பீ எனப்படும் வண்டுத்தேனீ. தென் இங்கிலாந்தில் அவற்றில் ஓர் இனம் இப்போது குளிர்காலத்திலும் கூடு நடத்துகிறது. மகோனியா அவற்றுக்கு உண்மையிலேயே பெருந்துணை.

தோட்டம் உள்ளவர்கள் செய்யத்தக்கது வேறொன்று உண்டு. வேலியில் படரும் ஐவிக் கொடியைச் செப்டம்பரில் வெட்டிவிடாமல் நவம்பர் வரை பூக்க விடுங்கள். குளிருக்கு முந்தைய கடைசிப் பெரும் வரவு அதிலிருந்தே கிடைக்கிறது. பிப்ரவரியில் பூக்கும் குரோக்கஸ் செடியின் கிழங்குகளையும், இடமிருந்தால் மார்ச்சில் மகரந்தம் தரும் வில்லோ மரத்தையும் நடலாம். குரோக்கஸ் கிழங்கை ஊன்ற வேண்டிய காலம் செப்டம்பரும் அக்டோபரும் ஆகையால், இதைப் பற்றிய குறிப்பு ஒன்றைத் தாங்கள் அப்போது மீண்டும் வெளியிட்டால் நன்றியுடையவளாவேன்.

இப்படிக்கு,
தேனீ வளர்க்கும் வாசகி,
ஹாரோ, லண்டன்