அந்த வீட்டோட மீதிக் கதையையும் போடுங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

அமெரிக்கால யுனிவர்சிட்டி பாக்கப் போற குடும்பங்களுக்காக நீங்க போடுற கட்டுரைங்கள விடாம படிக்கிறேன். பிரின்ஸ்டன் பத்தின கட்டுரைல மேக்லீன் ஹவுஸ் 1756ல கட்டினது, 1878 வரைக்கும் யுனிவர்சிட்டி பிரசிடெண்டுங்க குடியிருந்த மஞ்சள் கலர் பங்களான்னு எழுதி அதோட முடிச்சிட்டீங்க. எல்லாம் சரிதான், ஆனா அந்த வீட்டுல பிரசிடெண்டுங்க மட்டுமா இருந்தாங்க?

1766ல பிரசிடெண்ட் சாமுவேல் ஃபின்லி இறந்ததும் அவர் சொத்த விக்க பேப்பர்ல விளம்பரம் வந்துச்சு, அதுல மாடு, குதிரை, தானியம், வீட்டுச் சாமான், புத்தகம் இதுங்களோட சேத்து ரெண்டு கறுப்பினப் பொம்பளைங்க, ஒரு ஆம்பள, மூணு குழந்தைங்களையும் விலைக்குப் போட்டிருந்தாங்க, விற்பனை நடக்கிற இடம்னு குறிச்சிருந்ததும் இதே வீடுதான். அந்தக் குழந்தைங்க யார்கிட்ட போய்ச் சேந்துச்சோன்னு நெனச்சா மனசு ஆறவே மாட்டேங்குது. இது ஃபின்லி ஒருத்தரோட போகல, அங்க மொதல் ஒம்பது பிரசிடெண்டுங்களும் அடிமைங்கள வச்சிருந்தவங்கதான். 1776ல சுதந்திரப் பிரகடனத்துல கையெழுத்துப் போட்ட ஜான் விதர்ஸ்பூனும் அதுல ஒருத்தர்.

பெட்ஸி ஸ்டாக்டன் கதைய படிச்சா உங்களுக்கே விடத் தோணாது. ஆஷ்பெல் கிரீன் பிரசிடெண்டா இருந்தப்ப அவர் குடும்பத்துக்கு அடிமையா இருந்த பொண்ணு, அவர் வச்சிருந்த புத்தகங்களப் படிச்சே அறிவ வளத்துக்கிட்டா, விடுதலையாகி 1822ல மிஷனரியா ஹவாய்க்குக் கப்பலேறினா, லஹைனால சாதாரண ஜனங்களுக்குப் பள்ளிக்கூடம் நடத்தினா, அப்புறம் பிரின்ஸ்டனுக்கே திரும்பி வந்து கறுப்பினப் பிள்ளைங்களுக்கு வருஷக்கணக்கா பாடம் எடுத்தா. அந்த வீட்டுல வாழ்ந்த எந்தப் பிரசிடெண்டுக்கும் இவ கொறஞ்சவ இல்ல.

யுனிவர்சிட்டியே 2019ல அந்த வீட்டு வாசல்ல, அங்க அடிமையா இருந்தவங்கள்ல தெரிய வந்த பேருங்களப் போட்டு ஒரு பலகை வச்சிடுச்சு. அவங்களே மறைக்காதத நாம ஏன் சார் விடணும்? பிள்ளைங்களக் கூட்டிட்டுப் போறவங்க அத நின்னு படிக்கிற மாதிரி ரெண்டு வரி சேத்தீங்கன்னா போதும். முடிஞ்சா மாணவர் பக்கத்துல பெட்ஸி ஸ்டாக்டன் பத்தி தனிக் கட்டுரையே போடுங்க.

இப்படிக்கு,
உங்க வாசகர்