மூணுதட்டுக்கு என்ன ஆச்சு

மோல்மீன், பர்மா

அன்புள்ள முருகேசா,

நாங்கள் நலம். வீட்டில் எல்லோரையும் கேட்டதாகச் சொல். தீபாவளிக்குக்கூட ஒரு வரி எழுதாததற்கு என்னைத் திட்டிக்கொள், ஆனால் இந்தக் கடிதத்தை முழுதும் படி.

நம் கூட்டாளி மூணுதட்டு போன வாரம் வந்தான். என் வீட்டு வாசலில் மூன்றே படி. சுவரைப் பிடித்து, ஒரு படியில் இரண்டு காலையும் சேர்த்து வைத்து, மூச்சு வாங்கி, அப்புறம்தான் அடுத்த படி. மூட்டை தூக்கியவன்டா அவன்! இரண்டு கிட்னியும் பழுதாம். எலும்புக்குப் போக வேண்டிய சுண்ணாம்புச் சத்து சிறுநீரில் போய்விடுகிறதாம். சர்க்கரை கிடையாது. ரங்கூன் டாக்டர் ஊர் ஊராகக் கேட்டுவிட்டு, தாய்லாந்து எல்லையில் இருக்கும் மேசாட் என்றதும் பேனாவைக் கீழே வைத்தாராம்.

அங்கே எட்டு வருஷம் நாம் மூவரும் தின்றது மே தாவ் ஓடைத் தண்ணீரில் விளைந்த அரிசி. ஓடைக்கு மேலே மலையில் துத்தநாகச் சுரங்கம். துத்தநாகம் இருக்கும் பாறையில் காட்மியம் என்ற விஷ உலோகமும் இருக்கும். அது வண்டலோடு வயலில் படிந்து நெல்லில் ஏறியிருக்கிறது. 2001 முதல் 2004 வரை மண்ணையும் நெல்லையும் சோதித்துக் கண்டுபிடித்தார்கள். தாய்லாந்து அரசு அந்த நெல்லை விலைக்கு வாங்கி அழித்தது, கரும்பு போடச் சொன்னது. நாம் அதற்குள் ஆற்றைத் தாண்டி பர்மா பக்கம் மியாவடி வந்துவிட்டோம், யார் நமக்குச் சொல்வார்கள்? ஜப்பானில் ஜின்சூ ஆற்றங்கரையிலும் இதே கதைதான். பெண்கள் 'இத்தாய் இத்தாய்', அதாவது வலிக்குதே வலிக்குதே என்று கத்தியதே நோய்க்குப் பெயராகிவிட்டது. 1968இல்தான் அரசாங்கம் ஒப்புக்கொண்டது.

காட்மியம்தான் காரணம் என்று டாக்டர் இன்னும் எழுதித் தரவில்லை. ஆனால் எனக்குத் தூக்கம் போய்விட்டது. சிறுநீரகத்தில் தங்கியது பாதியாகக் குறையவே 10 முதல் 30 வருஷம் ஆகுமாம். அப்படியென்றால் உன் உடம்பிலும் இருக்கும், என் உடம்பிலும் இருக்கும்.

நீ 'யூரின் பார்த்தாச்சு, நார்மல்' என்பாய். மூணுதட்டுக்கும் முதலில் நார்மல்தான். சாதா டெஸ்ட்டில் பெரிய புரதம்தான் தெரியும், இந்த விஷம் முதலில் ஒழுக விடுவது சின்னப் புரதத்தை. அந்தச் சின்னப் புரதத்தில் ஒன்றான பீட்டா-2 மைக்ரோகுளோபுலின் என்று கேட்டுப் பார்க்க வேண்டும். சிறுநீரில் காட்மியமும் பார்க்கச் சொல். உன் மகள் மதுரை லேபில்தானே இருக்கிறாள், அவளிடம் இந்தக் கடிதத்தைக் காட்டு.

அப்புறம் அந்தச் சுருட்டு. புகையிலை மண்ணிலிருந்து காட்மியத்தை இழுத்து வைத்துக்கொள்ளும் செடி. சோற்றில் வருவதைவிடப் புகையில் வருவதில் அதிகப் பங்கு உடம்பில் சேரும். முப்பது வருஷமாக நான் கெஞ்சுகிறேன், இந்த ஒரு தடவை கேள். முட்டி வலிக்கு நீயாக மாத்திரை வாங்கிப் போடுவதையும் நிறுத்து, அது கிட்னிக்கு ஆகாது.

நான் திங்கட்கிழமை சோதனைக்கு ரங்கூன் போகிறேன். மூணுதட்டும் கூட வருகிறான், நீ பேசினால் தெம்பாக இருப்பான். அன்று ராத்திரி போன் பண்ணு.

உன்,
சுப்பையா