அதோ நிற்கிறானே, அவள்தான்

8.10.2023

அன்புள்ள மேகலா,

உன் இரண்டு கடிதங்களும் மேசையில் கிடந்து என்னை முறைத்துக்கொண்டிருக்கின்றன. "இருக்கிறாயா, இல்லை மூன்றாம் நம்பர் வாளியோடு சேர்ந்து கிணற்றுக்குள் போய்விட்டாயா?" என்று இரண்டாவதில் கேட்டிருந்தாய். சிரிப்பு வந்தது, பதில்தான் வரவில்லை. அப்பா ஜூலையில் தவறிவிட்டார். தூக்கத்திலேயே போனார். உனக்குச் சொல்லாமல் விட்டது தப்புதான். திட்டுவதை நேரில் வைத்துக்கொள். அம்மா தேறிவிட்டாள். அக்கா வீட்டில் எல்லோரும் நலம். உன் மாமியார் இன்னும் உப்பைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருக்கிறார்களா?

இனி என் கதை. நீளும். தேநீர் போட்டுக்கொண்டு உட்கார்.

என் காகிதங்கள் எல்லாவற்றிலும் நான் இன்னும் பழைய பெயரில்தான் இருக்கிறேன். அந்தப் பெயரை இங்கே எழுதப் போவதில்லை, உனக்குத் தெரியும். அச்சகத்தில் கதிர், தெருவில் கதிர், ஆதாரில் மட்டும் அவள். "ஏன் மாற்றாமல் வைத்திருக்கிறாய், சோம்பேறி" என்று நீ எத்தனை முறை கேட்டிருப்பாய்! உன்னிடம் ஒவ்வொரு முறையும் ஒரு பொய் சொன்னேன். உண்மை இதுதான்: ஹார்மோன் ஊசி போட ஆரம்பித்து மூன்றாவது வருடம், அப்பா ஒரு நாள் ரேஷன் கார்டை மடியில் வைத்துக்கொண்டு, "நான் இருக்கும்வரைக்கும் இதில் கை வைக்காதே. அப்புறம் உன் இஷ்டம்டா" என்றார். அவர் வாயிலிருந்து எனக்கு வந்த முதல் 'டா' அது. பெயரைத் தர மறுத்துவிட்டு 'டா'வைக் கொடுத்தார். பேரம் படிந்துவிட்டது என்று நானும் விட்டுவிட்டேன்.

கொள்ளி வைத்தது நான்தான். பெரியப்பா வகையறா முணுமுணுத்தார்கள். அம்மா ஒரே ஒரு பார்வை பார்த்தாள், அடங்கிவிட்டார்கள். நான் சொல்ல வந்தது அதுவல்ல. எரிமேடை அலுவலகத்தில் ஒரு பெரியவர் ரசீதுப் புத்தகத்தோடு உட்கார்ந்திருந்தார். இறந்தவர் பெயர், வயது, முகவரி எல்லாம் கேட்டு எழுதினார். பிறகு என் பெயரைக் கேட்டார். கதிர் என்றேன். 'இறந்தவருக்கு உறவு' என்ற கட்டம் வந்ததும் கேட்கவே இல்லை. தலையைத் தூக்கி, மழித்த மீசையையும் ஈர வேட்டியையும் ஒரு நொடி பார்த்துவிட்டு, 'மகன்' என்று எழுதி, கார்பன் தாளோடு கிழித்து நீட்டினார். அடையாள அட்டை எதுவும் கேட்கவில்லை. மேகலா, முத்திரை குத்திய ஒரு காகிதத்தில் நான் மகனானது அன்றைக்குத்தான். அதை வாங்கிக்கொண்டு சுவரோரம் போய் நின்றேன். அப்பாவுக்காக அழுகிறான் என்று எல்லோரும் நினைத்திருப்பார்கள். பாதி அதற்குத்தான்.

பிறகு வந்தது வாரிசுச் சான்றிதழ்.

அக்கா இ-சேவை மையத்தில் விண்ணப்பித்தாள். ஆதாரில் என்ன இருக்கிறதோ அதைத்தானே போட முடியும்? வாரிசுகள்: மனைவி ஒன்று, மகள்கள் இரண்டு. விசாரணைக்குக் கிராம நிர்வாக அலுவலர் வந்தார். நல்ல மனிதர், செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே வந்தார். "மூத்த மகள் இவங்க. இளையவங்க எங்கே?" என்று கேட்டார். வீட்டுக்குள் அப்படி ஓர் அமைதி. பக்கத்து வீட்டுத் தாத்தா சாட்சிக்கு வந்திருந்தார். அவருக்குத்தான் எதிலும் தயக்கம் கிடையாதே. என்னைக் கையால் காட்டி, "அதோ நிற்கிறானே, அவள்தான்" என்றார்.

அக்கா முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு உள்ளே ஓடிவிட்டாள். தமிழ் இலக்கணத்துக்கு இப்படி ஒரு சோதனை வந்ததே இல்லை. பிழை திருத்திப் பிழைக்கிறவன் நான், எனக்கே அந்த வாக்கியத்தில் எதைத் திருத்துவது என்று தெரியவில்லை.

வங்கியில் இதே கூத்து வேறு வேடத்தில். அப்பாவின் வைப்புத்தொகைக்கு நாமினி நான், 2009இல் எழுதியது. மேலாளர் படிவத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், "தங்கையை ஒரு முறை அழைத்து வாருங்கள் தம்பி, அவர்கள் கையெழுத்து வேண்டும்" என்றார். இல்லாத அந்தத் தங்கையை எங்கே போய்த் தேடுவேன்? "வெளியூரில் இருக்கிறாள்" என்று சொல்லிவிட்டு எழுந்து வந்தேன். கோழை. நீ இருந்திருந்தால் மேசையைத் தட்டியிருப்பாய்.

அன்று மாலை மல்லிகா அக்காவைப் பார்க்கப் போனேன். நீ இங்கே வந்திருந்தபோது உனக்குப் பூ வைத்துவிட்டு, "இந்தப் பிள்ளைக்கு ஒரு புத்தி சொல்லும்மா" என்றார்களே, அவர்கள்தான். நம் ஆட்களில் யாருக்கு எந்தக் காகிதம் வேண்டுமென்றாலும் அவர்களிடம்தான் போவோம். ஒரு பிளாஸ்டிக் பைக்குள் எல்லாவற்றுக்கும் ஆறு நகல் வைத்திருப்பார்கள். 2008 ஏப்ரல் 15 அன்று தமிழ்நாட்டில் திருநங்கைகள் நல வாரியம் அமைந்ததையும், உச்ச நீதிமன்றத் தீர்ப்பு 2014இல் அதே ஏப்ரல் 15 அன்று வந்ததையும் ஏதோ தன் வீட்டுக் கல்யாணத் தேதி மாதிரி சொல்வார்கள்.

நீதிபதிகள் ராதாகிருஷ்ணனும் சிக்ரியும் எழுதிய அந்தத் தீர்ப்பு தெளிவாகத்தான் இருக்கிறது. தன் பாலினம் எது என்று சொல்லும் உரிமை அவரவருக்கே உண்டு. ஆண், பெண், மூன்றாம் பாலினம் எதுவாகவும் இருக்கலாம். அறுவைச் சிகிச்சை செய்தால்தான் ஒப்புக்கொள்வேன் என்பது சட்டத்துக்குப் புறம்பு. பிறகு 2019இல் திருநர்களுக்கென்று சட்டம், 2020இல் அதன் விதிகள். மாவட்ட ஆட்சியருக்கு ஒரு விண்ணப்பமும் ஒரு பிரமாணப் பத்திரமும் போதும். அந்த மாவட்டத்தில் தொடர்ந்து பன்னிரண்டு மாதம் குடியிருந்திருக்க வேண்டும். உடல் பரிசோதனை கூடாது. முப்பது நாளுக்குள் சான்றிதழ் தர வேண்டும். இணையத்திலேயே விண்ணப்பிக்கலாம், யார் முகத்தையும் பார்க்க வேண்டியதில்லை. கேட்க எவ்வளவு சுகமாக இருக்கிறது!

ஆனால் அந்தச் சான்றிதழில் 'ஆண்' என்று வராது. எங்கள் எல்லோருக்கும் பொதுவாக 'திருநர்' என்றுதான் வரும். ஆண் என்று வர வேண்டுமானால் ஏழாம் பிரிவின்படி இரண்டாவது விண்ணப்பம். அதற்கு மருத்துவமனைக் கண்காணிப்பாளரோ தலைமை மருத்துவ அலுவலரோ தரும் சான்று வேண்டும். சட்டத்தில் 'அறுவைச் சிகிச்சை' என்று இருக்கிறது. விதிகளிலோ 'மருத்துவச் சிகிச்சை' என்று போட்டு, மனநல ஆலோசனை, ஹார்மோன் எல்லாவற்றையும் அதற்குள் அடக்கியிருக்கிறார்கள். ஒரு சொல் இந்தப் பக்கம், ஒரு சொல் அந்தப் பக்கம், நடுவில் நாங்கள். விவரம் கேட்க ஓர் அலுவலகத்துக்குப் போனபோது, வரிசையில் பதினான்கு பேர் நிற்க, "ஆபரேஷன் ஆயிற்றா?" என்று உரக்கக் கேட்டார் அங்கிருந்தவர். முதலில் 'திருநம்பி' என்றே சொன்னேன், பெண்ணாகப் பிறந்து ஆணாக வாழ்கிறவனுக்கு அதுதானே பெயர். "திருநங்கை என்று சொல்லுங்கள்" என்று என்னையே திருத்தினார். என் தொழிலை என்னிடமே காட்டுகிறார், பார்.

இப்போது என் தூக்கத்தைக் கெடுக்கும் இடத்துக்கு வருகிறேன். ஆதாரில் பெயரை இரண்டு முறை மாற்றலாம். பாலினத்தை ஒரே ஒரு முறைதான் மாற்றலாம். அதற்கு மேல் என்றால் மண்டல அலுவலகத்துக்கு எழுதி, ஏன் எதற்கு என்று விளக்கம் சொல்லி, அவர்கள் மனம் இரங்கும்வரை காத்திருக்க வேண்டும். முதல் சான்றிதழ் வந்ததும் அவசரப்பட்டு ஆதாரில் 'திருநர்' என்று போட்டுவிட்டால், பின்னால் 'ஆண்' சான்றிதழ் வரும்போது அந்த ஒரு வாய்ப்பும் கையில் இருக்காது. போடாமல் காத்திருந்தாலோ, சான்றிதழ் ஒரு பெயரிலும் ஆதார் ஒரு பெயரிலும் கிடக்கும். எங்கள் கூட்டத்தில் ஒரு பையன் ஆதாரை முதலில் மாற்றினான். பான் அட்டையில் பழைய பாலினம். இரண்டையும் இணைக்கப் போனால் பெயரும் பிறந்த தேதியும் பாலினமும் ஒத்துப்போக வேண்டுமே! இணையவில்லை. ஜூன் 30 கெடு முடிந்து அவனுடைய பான் செயலிழந்துவிட்டது. "வரிசை தப்பினால் எல்லாம் தப்பும்" என்று மல்லிகா அக்கா தலையில் அடித்துக்கொள்கிறார்கள்.

சான்றிதழைக் காட்டினால் மற்ற அலுவலகங்கள் பதினைந்து நாளில் திருத்தித் தர வேண்டும் என்று விதி சொல்கிறது. கவுண்டருக்குக் கவுண்டர் "பெயர் மாற்றம் வெளியான அரசிதழ் இருக்கிறதா? அதுதான் செல்லும்" என்கிறார்கள். ஆனால் விதிகளில் ஒரு வரி எனக்குப் பிடித்திருக்கிறது. பெயர், பாலினம், படம் எது மாறினாலும், திருத்திய ஆவணத்தில் பழைய வரிசை எண்ணே இருக்க வேண்டுமாம். அந்த எண்தான் இரண்டு பேரையும் ஒரே ஆளாக்கிக் கட்டி வைத்திருக்கப் போகிறது. பத்தாம் வகுப்புச் சான்றிதழை நினைத்துப் பார். என் பெயரைத் திருத்திவிடலாம், பள்ளியின் பெயரை என்ன செய்வது? பெண்கள் மேல்நிலைப் பள்ளியில் ஐந்து வருடம் படித்த கதிர்! மேலதிகாரி எவனாவது கேட்டால் உன்னைத்தான் சாட்சிக்கு அழைப்பேன், தயாராக இரு.

சரி, என்ன செய்தேன் என்றுதானே கேட்கிறாய்?

அக்கா சொன்னாள்: "எல்லாக் காகிதமும் இப்போது ஒன்றுக்கொன்று பொருந்தி இருக்கிறது. ஒரே ஒரு முறை மகளாகக் கையெழுத்துப் போட்டுவிடு. அம்மாவுக்குப் பணம் வந்துவிடும். அப்புறம் நீ என்ன வேண்டுமானாலும் மாற்றிக்கொள்." அவள் சொன்னதில் தப்பில்லை. முதலில் பெயரை மாற்றிவிட்டு வந்தால் வாரிசுச் சான்றிதழுக்கே ஒரு வருடம் ஆகலாம். அம்மாவின் முழங்கால் அதுவரை பொறுக்காது. ஆனாலும் மூன்று இரவு அக்காவோடு பேசவில்லை. மகனாகக் கொள்ளி வைத்த கை, மகளாகக் கையெழுத்துப் போட வேண்டும். அவர் உயிரோடு இருந்தவரை அவருக்காக அந்தப் பெயரைச் சுமந்தாயிற்று. போன பிறகுமா?

செப்டம்பர் 22. தாலுகா அலுவலகத்தில் வாக்குமூலத் தாளை நீட்டினார்கள். பேனாவை எடுத்தேன். ஆறு வருடமாகப் போடாத கையெழுத்து, மறந்திருக்கும் என்று நினைத்தேன். கை தானாகவே போட்டது, கடைசி எழுத்தின் வாலை மேலே தூக்கி ஒரு சுழி சுழிப்பேனே, அதையும் சேர்த்து. எழுத்தர் ஆதாரோடு ஒப்பிட்டுப் பார்த்து, "சரியாக இருக்கிறது" என்றார். அந்த இரண்டு வார்த்தைக்கு எனக்கு வந்த கோபத்தை யாரிடம் காட்டுவது? அவர் தன் வேலையைத்தானே பார்த்தார்?

அன்று இரவே இணையதளத்தில் ஆட்சியருக்கு விண்ணப்பித்துவிட்டேன். பிரமாணப் பத்திரத்தை நோட்டரியிடம் முந்தைய வாரமே வாங்கி வைத்திருந்தேன் என்பதை அக்காவிடம் சொல்லவில்லை. இன்றோடு பதினாறு நாள் ஆயிற்று. தினம் காலையில் பல் துலக்குவதற்கு முன்னால் விண்ணப்ப எண்ணைப் போட்டுப் பார்க்கிறேன், 'பரிசீலனையில்' என்றே இருக்கிறது.

இதற்கிடையே வாரிசுச் சான்றிதழ் வந்துவிட்டது. வங்கியில் இனி நானே அந்தத் தங்கை என்று சொல்லி உட்கார வேண்டும். செவ்வாய்க்கிழமை போகிறேன், அக்காவும் வருகிறாள். அந்தப் பணம் கைக்கு வரும்வரை ஆட்சியர் அலுவலகம் கொஞ்சம் தாமதிக்க வேண்டும். ஆனால் முப்பது நாளைத் தாண்டவும் கூடாது. அரசு அலுவலகம் மெதுவாக வேலை செய்ய வேண்டும் என்றும் வேகமாகச் செய்ய வேண்டும் என்றும் ஒரே சாமியிடம் வேண்டிக்கொள்கிறவன் இந்த மாவட்டத்தில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

'திருநர்' அட்டை வந்தால் ஆதாரைத் தொடுவதா, இரண்டாவது சான்றிதழுக்காகக் காத்திருப்பதா? நீ சொல். மல்லிகா அக்கா காத்திரு என்கிறார்கள். எனக்கு நாற்பத்திரண்டு ஆகிறது, காத்திருந்து காத்திருந்து அலுத்துவிட்டது. உன் வீட்டுக்காரரிடம் கேட்டுச் சொல்லாதே, அவர் எல்லாவற்றுக்கும் "பார்க்கலாம்" என்பார். நீ என்ன நினைக்கிறாய் என்று எழுது.

இன்னொன்று. போன கடிதத்தில் ஏழு இடத்தில் 'டி' என்று எழுதிவிட்டு அடித்து 'டா' ஆக்கியிருக்கிறாய். எண்ணினேன், தொழில் புத்தி. அடிப்பதானால் ஒழுங்காக அடி. வெளிச்சத்தில் பிடித்தால் அடியில் இருப்பது தெரிகிறது.

எரிமேடை ரசீதின் அசலை இறப்புச் சான்றிதழுக்காக நகராட்சியில் வாங்கிக்கொண்டார்கள். கொடுப்பதற்கு முன் நான்கு நகல் எடுத்தேன். ஒன்றை இத்துடன் வைத்திருக்கிறேன். கார்பன் மை கொஞ்சம் மங்கல், ஆனால் அந்தக் கட்டம் நன்றாகத் தெரியும். உன் பீரோவில், புடவைக்கு அடியில் வைத்துக்கொள். என் வீட்டில் எதுவும் நிலைப்பதில்லை.

உன்,
வெ. கதிர்

பி.கு: இனிஷியல் மாறவில்லை, கவனித்தாயா? அதற்கு மட்டும் எந்த அலுவலகத்திலும் விண்ணப்பம் போட வேண்டியதில்லை.